அவன் ஏன் எழுந்து உட்கார்ந்தான்?

கேள்வி: என் அப்பா காவல் துறையின் மோப்ப நாய்ப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி, சிறப்பு சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். அவர் கடைசியாகக் கையாண்டது வெடிகுண்டு கண்டறியும் லேப்ரடார். அவனுக்குப் பணி ஓய்வு கொடுத்தபோது, முறைப்படி அனுமதி வாங்கி வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். போன மாதம் ஒரு காலையில் அவன் திடீரென்று சுருண்டு விழுந்தான். மண்ணீரலில் கட்டி வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது, பிழைப்பது கடினம் என்றார் மருத்துவர். கருணைக்கொலைக்கு அப்பாதான் கையெழுத்துப் போட்டார். ஊசிக்கு முன், மேசையில் படுத்திருந்தவன் தட்டுத்தடுமாறி எழுந்து உட்கார்ந்து அப்பாவின் முகத்தையே பார்த்தான். வெடிபொருள் இருக்கும் இடத்தில் அப்படித்தான் உட்காருவானாம். "அவன் என்னிடம் ஏதோ சொன்னான், நான் கேட்கவில்லை" என்று அப்பா ஒரே ஒரு முறை சொன்னார். பிறகு பேச்சே குறைந்துவிட்டது. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து வாசலில் போய் நிற்கிறார். சொந்தக்காரர்கள் "ஒரு நாய்க்காகவா?" என்கிறார்கள். புதிதாகக் குட்டி வாங்கிக் கொடுக்கலாம் என்கிறார் என் கணவர். அவன் நினைவாக ஏதாவது செய்யலாம் என்று நான் சொன்னால், "நாங்கள் என்ன சாதித்துவிட்டோம்? ஒரு குண்டுகூட எடுத்ததில்லையே" என்கிறார் அப்பா. நாங்கள் செய்தது சரிதானா? அப்பாவை எப்படித் தேற்றுவது? ஊரும் பெயரும் வேண்டாம்.

— ஒரு வாசகி, தென் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மேசைமேல் நடந்ததை முதலில் பேசிவிடுவோம். உங்கள் அப்பாவின் மௌனம் அந்த ஒரு நிமிடத்தில்தான் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

வயிற்றுக்குள் ரத்தம் தேங்கினால் அது உதரவிதானத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளும். நுரையீரல் விரிவதற்கு இடம் போதாது. படுத்தால் மூச்சு முட்டும். முன்னங்கால்களை ஊன்றி, முழங்கைகளைச் சற்று அகற்றி, கழுத்தை நீட்டி உட்கார்ந்தால் கொஞ்சம் காற்று இறங்கும். ஒரு கட்டளையும் கற்காமல் வீட்டில் செல்லமாக வளர்ந்த நாய்களும் இந்த நிலையில் இப்படித்தான் உட்காருகின்றன. கால்நடை மருத்துவனான நான் என் மேசையிலும் பலமுறை பார்த்திருக்கிறேன். அவன் எழுந்து உட்கார்ந்தது மூச்சுக்காக. உடம்பு தனக்குத் தெரிந்த ஒரே வழியைத் தேடியது.

ஆனால் அவன் பார்த்தது வேறு விஷயம். அதை உடம்பின் கணக்கில் நான் எழுத மாட்டேன். வெடிபொருள் கண்டறியும் நாய்க்கு என்ன பழக்குகிறார்கள் என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரியும், உங்களுக்காகச் சொல்கிறேன். வாசனை கிடைத்ததும் அது குரைக்கக் கூடாது, பிராண்டக் கூடாது, பொருளை மூக்கால்கூடத் தள்ளக் கூடாது. சத்தமில்லாமல் உட்கார்ந்து, தன்னைக் கையாளும் காவலரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த முகத்திலிருந்து ஒரு சொல் வரும், பிறகு பந்து வரும். பயிற்சி மையத்தில் தொடங்கி ஓய்வு பெறும் நாள் வரை இதையே ஆயிரக்கணக்கான முறை செய்திருப்பான். அவன் அறிந்த நல்லது அனைத்தும் வந்து சேர்ந்தது அந்த ஒரு முகத்திலிருந்துதான். மருந்து நெடி அடிக்கும் புது இடத்தில், மூச்சு வாங்க முடியாத நேரத்தில், அவன் வேறு எந்தத் திசையில் பார்த்திருப்பான்?

அந்தப் பார்வையில் அப்பாவின் மீது குறை சொல்ல எதுவும் இல்லை. தனக்குச் சாவு வரப்போகிறது என்று ஒரு நாய் முன்கூட்டியே அறிந்து மன்றாடுகிறது என்று சொல்ல மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது. தான் நம்பியவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று அது தேடும். அதை உறுதியாகச் சொல்ல முடியும். அவர் இருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, பார்க்கத் தாங்காமல் வெளியே போய்விடுபவர்கள் பலர். அவர்களை நான் குறை சொல்வதில்லை. ஆனால் அப்போது மேசைமேல் இருக்கும் நாய் கடைசி வரை கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டு நாய்க்கு அந்த நிலை வரவில்லை. இதை அப்பாவிடம் நீங்கள் வாசித்துக் காட்டலாம். ஒரு மருத்துவர் எழுதியது என்றே சொல்லுங்கள்.

முடிவு சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், சரிதான். மண்ணீரலில் வளர்ந்து வெடிக்கும் கட்டி, லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரெட்ரீவர் போன்ற பெரிய இனங்களில், வயதான காலத்தில், பெரும்பாலும் ரத்தக் குழாய்ச் சுவரில் பிறக்கும் புற்றுநோயாகவே இருக்கிறது. சாதாரணக் கட்டியாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. அறுத்தெடுத்துத் திசுவைப் பரிசோதித்தால்தான் முழுதாகத் தெரியும். ஆனால் ஏற்கெனவே வெடித்து, ரத்தம் வடிந்து, சுருண்டு விழுந்த நிலையில் கொண்டுவரப்படும் முதிய நாயிடம் அந்த நல்ல வாய்ப்பு குறைவு. புற்றாக இருந்தால், மண்ணீரலை எடுத்தாலும் கிடைப்பது பெரும்பாலும் சில மாதங்கள்தான்; அந்த மாதங்களிலும் வேறோர் இடத்தில் இதேபோல மறுபடி ரத்தம் கசியலாம்.

முன்பே பார்த்திருக்கலாமே என்று அப்பா நினைக்கக்கூடும். இந்தக் கட்டி முன்கூட்டித் தன்னைக் காட்டிக்கொள்வது அரிது. முந்தைய நாள் நன்றாகச் சாப்பிட்ட நாய் மறுநாள் காலையில் ஈறு வெளுத்து விழும். அதிலும் வேலை பார்த்துப் பழகிய நாய்கள் வலியை வெளியே விடுவதில்லை. இடுப்பு மூட்டு தேய்ந்த மோப்ப நாய், பந்தைக் கண்டதும் துள்ளி எழுவதைப் பார்த்தால் அதற்கு மூட்டுவலி என்று யாரும் நம்ப மாட்டார்கள். அப்பா தினமும் அவன் உடம்பைத் தொட்டுத் தடவிச் சீவியிருப்பார். கைக்குச் சிக்கும் இடத்தில் அந்த நோய் இல்லை.

ஊசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் மயக்க மருந்து, பிறகு அளவு கூட்டிய மயக்க மருந்து. நினைவு தப்புவது சில விநாடிகளில் நடந்துவிடும். அதன் பிறகு மூச்சு நிற்பதையோ, இதயம் நிற்பதையோ அது உணர்வதில்லை.

இனி, என் மனத்தைத் தைத்த வரிக்கு வருகிறேன். "ஒரு குண்டுகூட எடுத்ததில்லையே."

மோப்ப நாயின் பெருமை என்றால் நாம் எண்ணிக்கையைத்தான் கேட்கிறோம். மும்பைக் காவல் துறையின் சஞ்சீர் என்ற லேப்ரடாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1993 மார்ச் 12 தொடர் குண்டுவெடிப்பில் 257 பேர் இறந்த பிறகு, பதுக்கப்பட்டிருந்தவற்றைத் தேடிய வேட்டையில் 3,329 கிலோ ஆர்.டி.எக்ஸ்., 600 டெட்டனேட்டர்கள், 249 கையெறி குண்டுகள் பிடிபட அவன் உதவினான். எலும்புப் புற்றுநோயால் 2000 நவம்பரில் இறந்தபோது அரசு மரியாதை கிடைத்தது. உயர் அதிகாரிகள் மலர்வளையம் வைத்தார்கள். 2020இல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டக் காவல் துறையிலிருந்த ராக்கி இறந்தபோது, முந்நூறுக்கும் மேற்பட்ட வழக்குகளில் துப்புத் துலக்க உதவியவன் என்று பிரதமரே வானொலி உரையில் நினைவுகூர்ந்தார். தகுதியான மரியாதைகள்தாம். ஆனால் இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மற்ற கையாளுநர்கள் எல்லோருக்கும் உங்கள் அப்பாவுக்கு வந்த சந்தேகம் வரும். நாம் என்ன செய்தோம்?

வெடிகுண்டு கண்டறியும் நாய்களில் பெரும்பாலானவை ஒரு உண்மையான குண்டையும் பார்க்காமலே பணி ஓய்வு பெறுகின்றன. அதற்காகத்தான் அவை இருக்கின்றன. 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூரையும் 1998 பிப்ரவரி 14 கோவையையும் பார்த்த மாநிலம் இது. கோவையில் மட்டும் 58 உயிர்கள். அதன் பிறகு முக்கியத் தலைவர் ஏறப்போகும் மேடையை மோப்ப நாய் சுற்றி வருவது எழுதப்பட்ட விதிபோல ஆகிவிட்டது. சுதந்திர தினத்துக்கு முன்பும் டிசம்பர் 6 வரும்போதும் ரயில் நிலையத்தில், பேருந்து நிலையத்தில், கோயில் வாசலில் நாயும் காவலரும் நிற்பதை நாம் பார்த்துக்கொண்டே கடந்து போகிறோம். பள்ளிக்கு மிரட்டல் மின்னஞ்சல் வந்தால், குழந்தைகளை வெளியே அழைத்துவிட்டு உள்ளே அனுப்பப்படுவது அந்த இருவர்தான். மறுநாள் நாளிதழில் இரண்டு வரி: "மோப்ப நாய்கள் உதவியுடன் சோதனை நடத்தப்பட்டது. சந்தேகப்படும்படியான பொருள் எதுவும் சிக்கவில்லை."

அந்த இரண்டாவது வரியைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வகுப்பறையில் நாற்பது மேசைகள், நாற்பது பைகள். பைகளை விட்டுவிட்டுத்தான் பிள்ளைகள் ஓடியிருப்பார்கள். ஒவ்வொரு பையாக நாய் முகர்ந்து முடித்த பிறகு, "இங்கே ஒன்றுமில்லை, பிள்ளைகளை உள்ளே விடலாம்" என்று ஒருவர் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் திருத்திக்கொள்ள மறுவாய்ப்பு கிடையாது. அந்தச் சொல்லை உங்கள் அப்பா தன் பணிக்காலம் முழுக்கச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதை நம்பி மாவட்ட ஆட்சியர்கள் கொடியேற்றினார்கள், தேர் நகர்ந்தது, ரயில் புறப்பட்டது. எடுத்த குண்டின் எண்ணிக்கை பூஜ்யம் என்று அவர் கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கை நான் ஒப்ப மாட்டேன். அவனைப் போன்ற நாயின் பணியை, அதன் வார்த்தையை நம்பி எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று எண்ணித்தான் மதிப்பிட வேண்டும்.

இதில் நாயின் பங்கு என்ன, மனிதரின் பங்கு என்ன என்பதையும் பலர் தவறாக நினைத்திருக்கிறார்கள். மூக்கு நாயுடையது. மனித மூக்கில் ஐம்பது, அறுபது லட்சம் வாசனை உணர்விகள் இருந்தால் அதற்கு இருபது கோடிக்கும் மேல். மோப்பம் பிடிக்கும்போது விநாடிக்கு ஐந்து முறைபோல மூச்சை இழுக்கிறது. ஆனால் வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும் நாயால் ஒழுங்காக முகர முடியாது. வாயை மூடினால்தான் காற்று மூக்கு வழியே போகும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் திடல் ஒன்றைச் சோதிக்கும்போது எப்போது நிழலில் நிறுத்த வேண்டும், எப்போது தண்ணீர் காட்ட வேண்டும், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, எங்கிருந்து தொடங்கினால் வாசனை நாயைத் தேடி வரும் என்பதை எல்லாம் கணிப்பது கயிற்றின் மறுமுனையில் இருப்பவர். மணிக்கணக்காகத் தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் நாய்க்குச் சலித்துவிடும். அதனால் பயிற்சிக்கான மாதிரியை அவரே எங்காவது ஒளித்து வைத்து, நாய் அதைக் கண்டுபிடிக்கச் செய்து, பந்து கொடுத்து உற்சாகப்படுத்துவார். அவனுக்குத் தன் வாழ்க்கை வெறுமையாக இருந்திருக்காது, சகோதரி. அவன் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தான். கண்டுபிடிக்க வைத்தவர் உங்கள் அப்பா.

இன்னொன்று. 2011இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற 18 நாய்களும் அவற்றின் கையாளுநர்களும் ஒரு தேவாலயத்துக்குள் தேட அனுப்பப்பட்டார்கள். எங்கும் எதுவும் ஒளித்து வைக்கப்படவில்லை. ஆனால் காகித அடையாளம் உள்ள இடங்களில் பொருள் இருக்கக்கூடும் என்று கையாளுநர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. பெரும்பாலான சுற்றுகளில், இல்லாத பொருள் இருப்பதாகக் கையாளுநர்கள் அறிவித்தார்கள். காகிதம் இருந்த இடங்களில் அது இன்னும் அதிகம். மனிதர் எதிர்பார்த்தால் நாய்க்கு அது எட்டிவிடுகிறது. தோளின் இறுக்கம், நடையில் சிறு தயக்கம், கண் போகும் திசை, எதுவும் போதும். ஆகவே நல்ல கையாளுநர் தேடலின்போது எந்த எதிர்பார்ப்பையும் முகத்தில் காட்டாமல் இருக்கப் பழகிக்கொள்கிறார். உள்ளே அச்சம் இருந்தாலும் கயிறு தளர்வாகவே இருக்க வேண்டும்.

உங்கள் அப்பா இன்று பேசாமல், முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முகத்தைப் பழக்கியது அவர் பார்த்த வேலைதான். தன் கலக்கம் நாய்க்குத் தெரிந்துவிடக் கூடாது என்று ஆண்டுக்கணக்காக அடக்கிய மனிதரிடம், "வாய்விட்டு அழுதுவிடுங்கள்" என்று திடீரென்று சொன்னால் அவரால் முடியாது. அவரை வற்புறுத்த வேண்டாம். அவருக்கு எளிதாக வரும் பேச்சு ஒன்று உண்டு, வேலையைப் பற்றிய பேச்சு. அந்த வழியாகப் போங்கள்.

உச்ச நீதிமன்றம் 1969இல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் மோப்ப நாய்ச் சாட்சியத்தை ஆராய்ந்தது. அப்போது எழுப்பப்பட்ட முதல் தடையே, நாய் கூண்டேறிச் சத்தியம் செய்து சாட்சி சொல்ல முடியாது, குறுக்கு விசாரணைக்கு உட்பட முடியாது என்பதுதான். ஆகவே அதனுடன் இருந்த மனிதர்தான் கூண்டில் ஏறி, நாய் என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். அத்தகைய சாட்சியத்துக்கு நீதிமன்றங்கள் பெரிய எடை கொடுப்பதில்லை, அது நியாயமும்கூட. ஆனால் அந்த ஏற்பாட்டை நான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பணியில் இருந்த வரை அவன் சார்பில் பேசியவர் உங்கள் அப்பா ஒருவர்தான். அவன் போன பிறகும் அவன் என்ன செய்தான் என்று சொல்லத் தகுதியுள்ள சாட்சி அவர் மட்டுமே. அவர் சொல்லாமல் விட்டால் அலுவலகப் பதிவேட்டில் தேதியும் இடமும் "ஒன்றுமில்லை" என்ற குறிப்பும் மட்டும்தான் மிஞ்சும்.

எனவே நினைவாக என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு என் பதில்: ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். அவர் சொல்ல, வீட்டில் யாராவது எழுதுங்கள். படத்துக்கு மாலை போடுவதும், புதைத்த இடத்தில் மரம் நடுவதும், பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோ படையல் வைப்பதும் உங்கள் குடும்பத்தின் விருப்பம். செய்தால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. "ஒரு நாய்க்காகவா?" என்று கேட்கும் உறவினரிடம், அப்பாவுடன் பணியில் இருந்தவர் இறந்துவிட்டார் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு மேல் வாதாட வேண்டாம்.

குட்டி வாங்குவது பற்றி: இப்போது வேண்டாம். உங்கள் கணவரின் நல்ல மனம் புரிகிறது. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் கூடையில் வைத்துக் கொண்டுவந்து கையில் கொடுக்கும் குட்டி, அப்பாவுக்கு இன்னொரு கடமையாகத்தான் போய்ச் சேரும். கடமையை மறுக்கத் தெரியாதவர் அவர், வளர்ப்பார், ஆனால் அதன் ஒவ்வொரு அசைவையும் பழையவனோடு ஒப்பிட்டுத் தவிப்பார். காவல் துறையில் இருந்தபோதும் ஒரு நாய் ஓய்வு பெற்றால் அடுத்த குட்டியைக் கையில் கொடுத்துவிடுவார்களே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே வேலை காத்திருக்கும், இங்கே அது இல்லை. சில மாதங்கள் போகட்டும். அவரே தெருநாய்க்குத் தண்ணீர் வைக்கத் தொடங்கினாலோ, பக்கத்து வீட்டு நாயின் நகத்தைப் பற்றி ஏதாவது சொன்னாலோ அப்போது பேச்சை எடுக்கலாம். அப்போதும் தேர்ந்தெடுப்பது அவராக இருக்கட்டும். ஒருவேளை அவர் குட்டியை விரும்பாமல், பணி முடித்த இன்னொரு மோப்ப நாயை ஏற்க விரும்பலாம். அதற்கு அவர் பணியாற்றிய பிரிவிலேயே கேட்கலாம். அப்பா போல வீட்டுக்கு அழைத்துவர எல்லோராலும் முடிவதில்லை. 2008 மும்பைத் தாக்குதலின்போது உழைத்த மேக்ஸ், சுல்தான், டைகர், சீசர் ஆகிய நான்கு லேப்ரடார்களும் ஓய்வுக்குப் பின் மும்பைக்கு அருகே விராரில் ஒரு பண்ணையில்தான் இருந்தார்கள். 2016ஆம் ஆண்டிலேயே ஒருவர் பின் ஒருவராக நால்வரும் இறந்தார்கள்.

அம்மா அவன் தட்டையும் கயிற்றையும் எடுத்துப் பரணில் வைத்திருந்தால், அப்பாவிடம் கேட்டு விடுங்கள். எங்கே வைக்க வேண்டும் என்று அவர் சொல்லட்டும்.

நாலரை மணிக்கு எழுந்து வாசலில் நிற்பதை நான் நோயாகப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில்தான் அவர் கொட்டடியைத் திறந்து, வெளிக்குப் போக விட்டு, பிரஷ் எடுத்து வாரி, காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பார்த்து, ஓட்டத்துக்கு அழைத்துப் போயிருப்பார். பல வருடம் அந்த வேலை செய்த கைக்கு இப்போது வேலை இல்லை. நீங்கள் ஊருக்குப் போகும்போது ஒரு நாள் அந்த நேரத்தில் எழுந்து அவருடன் நடந்து பாருங்கள். பேச வேண்டும் என்றில்லை.

ஆனால் சில அறிகுறிகள் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. இன்னும் சில வாரங்கள் போயும் உறக்கம் திரும்பாவிட்டால், உடம்பு கண்கூடாக மெலிந்தால், குடிப்பழக்கம் புதிதாகத் தொற்றினால், இருந்து என்ன பயன் என்ற பேச்சு ஒரு முறை வந்தாலும், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 104 என்ற தமிழக அரசின் மருத்துவ உதவி எண்ணிலும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும் தமிழிலேயே பேசலாம். சீருடையில் இருந்தவர்கள் இந்த உதவியை நாடத் தயங்குவார்கள். நீங்கள் முதலில் பேசிவிட்டு, பிறகு அவரிடம் சொல்லலாம்.

நோட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன். "அவனைப் பற்றிச் சொல்லுங்கள் அப்பா" என்று கேட்காதீர்கள். அவ்வளவு பெரிய கேள்விக்கு யாருக்கும் பதில் வராது. ஒரு தொழிலாளியிடம் தொழிலைப் பற்றிக் கேட்பதுபோலக் கேளுங்கள். உண்மையில் ஒரு கால்நடை மருத்துவனாக நானே அவரிடம் கேட்க விரும்புபவை இவை. அவன் சும்மா ஆர்வத்தில் முகர்கிறானா, நிஜமாகவே வாசனை பிடித்துவிட்டானா என்பது அவன் உட்காருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்குமே, எதை வைத்துத் தெரிந்தது? வாலா, காதா, வாய் மூடிக்கொள்வதா, கயிற்றில் வரும் இழுப்பா? பேருந்து நிலையத்தின் டீசல் புகையிலும் பூ மார்க்கெட்டின் வாசனையிலும் அவன் எப்படி வேலை பார்த்தான்? திருவிழாவில் வேட்டுச் சத்தம் கேட்டால் என்ன செய்வான்? வழுவழுப்பான தரையில் நடக்கத் தயங்கினானா? முதன்முதலாக அவன் தப்பு செய்தது எங்கே, அதை எப்படித் திருத்தினீர்கள்? எந்த மேடையின் கீழே தவழ்ந்து போனது உங்களுக்குப் பயமாக இருந்தது? பணி ஓய்வுக்குப் பிறகு, வீட்டுக்கு வருபவர்களின் பைகளை முகர்ந்து உட்கார்ந்தானா?

கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலான கையாளுநர்கள் சிரித்துவிடுவார்கள். அவரும் சிரிக்கலாம். ஆனால் முதல் நாளிலேயே அந்தக் கேள்விக்குப் போய்விடாதீர்கள். பயிற்சி எந்த ஊரில், எத்தனை மாதம், உங்களுடன் அங்கே இருந்தவர்கள் யார் என்று தகவலாகத் தொடங்குங்கள். அதற்குக் காவல் துறைக்காரர் தயங்காமல் பதில் சொல்வார். தேதியும் இடமும் அவருக்குத் துல்லியமாக நினைவிருக்கும். உங்களுக்கு எழுத நேரமில்லை என்றால் வீட்டில் எழுதத் தெரிந்த பிள்ளைகள் யாரையாவது உட்கார வையுங்கள். தாத்தா சொல்வதை நிறுத்தி நிறுத்திக் குழந்தை எழுதும்போது, அவரும் நிதானமாக யோசித்துச் சொல்வார்.

ஒரு நாளைக்கு இரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம்.